நூற்றில் ஒரு பங்கு செம்பு

பஸ்ஸைச் சோதித்த பெண் காவலர் என் தையல் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த வெள்ளி நிற நாடாச் சுருளை எடுத்து, அதன் நுனியை இழுத்தார். நாடாவின் விளிம்பு அவருடைய விரலைக் கீறிவிட்டது. இரத்தம் பெரிதாக வரவில்லை. ஆனாலும் அவர் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"சரிகை," என்றேன்.

ஆராய்ச்சி, காந்தம், கலப்புலோகம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கும். யுத்த காலத்தில் ஒரு பற்றரிக்குக் கூடப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நாடாவைத் திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் முன்பின் பொய் சொல்லிப் பழகாதவள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தப் பொய் மிகச் சுலபமாக வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நான் மலைநாட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்துக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வே அந்த நாடாதான். இரும்போடு சிலிக்கனையும் போரனையும் சேர்த்து உருக்கி, வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தின்மேல் ஊற்றுவார்கள். அணுக்கள் வரிசைப்பட்டுப் பளிங்காக உறைவதற்கு நேரமில்லாமல், தலைமயிரைவிட மெல்லிய நாடாவாக அது விழும். அந்த நாடாவை ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது பாகை வெப்பத்தில் ஒரு மணித்தியாலம் வைத்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பளிங்குகள் பூக்கும். பிறகு அது மிக நல்ல மென்காந்தம். காந்தமாகு என்றால் உடனே ஆகும், விடு என்றால் உடனே விடும்.

இதில் என் மண்டையைக் குடைந்தது ஒரு சின்ன விஷயம். நூறு அணுக்களில் ஒன்று செம்பு, மூன்று நையோபியம் என்று சேர்த்தால்தான் இதெல்லாம் நடக்கும். அந்த ஒன்றையோ மூன்றையோ எடுத்துவிட்டால் நாடா உதவாக்கரையாகிவிடும் என்று கட்டுரைகள் சொல்லின. நான் அதை நம்பவில்லை. நூற்றில் ஒன்று அப்படி என்ன செய்துவிடும்? வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று என் பேராசிரியரின் முகத்துக்காக மூன்று சுருள்களை இனாமாக அனுப்பியிருந்தது. ஒன்றில் செம்பும் நையோபியமும் இருந்தன. மற்றதில் செம்பு இல்லை. மூன்றாவதில் நையோபியம் இல்லை. பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி. ஒட்டியிருந்த சீட்டுகள்தான் வித்தியாசம். நான் முதலில் சந்தேகப்பட்டது அந்தச் சீட்டுகளை.

பல்கலைக்கழகத்து உலை பழுதாகிக் கிடந்தது. உதிரிப்பாகம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் அண்ணா திருகோணமலைத் துறைமுக வளவுக்குள் இருந்த ஒரு படகு இயந்திரம் திருத்தும் வேலைத்தளத்தில் வேலை செய்தார். அங்கே ஸ்பிரிங்குகளைக் காய்ச்சிப் பதம்போடும் உலை ஒன்று உண்டு என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். விடுமுறை எடுத்துக்கொண்டு, தையல் பெட்டியோடு ஊருக்கு வந்தேன்.

வீட்டில் அண்ணா, அண்ணி, இவர்களோடு பக்க அறையில் தங்கியிருந்த ஒரு பெண். அவளுக்கு ஊர் குடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள கட்டைபறிச்சான். நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுநர். குடாவைக் கடந்து வரும் லோஞ்ச் படகு ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. அதனால் எங்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போய்வந்தாள். போராளிகள் நடமாடும் பகுதி என்பதால், குடாவுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நகரத்தில் தங்குவதென்றால் பொலிசில் பதிந்து, மாதாமாதம் போய் அனுமதித் துண்டில் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். முத்திரை இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அவள் அந்தத் துண்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். அண்ணிக்கு அவளில் நல்ல விருப்பம். எனக்கு அவள் அதிகம் கேள்வி கேட்கிறாள் என்று பட்டது.

"அக்கா, இது இரும்பெண்டு சொல்லுறீங்கள். கடல் காத்துக்கும் ஏன் கறள் பிடிக்கேல்ல?"

நல்ல கேள்வி. என் மாணவர்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நியாயப்படி நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நானோ, இவளை யார் கேட்கச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்தேன்.

நாடாவை வெட்டி, சின்னப் பிள்ளையின் காப்பு அளவில் வளையங்களாகச் சுற்றினேன். அண்ணா முதல் தொகுதியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். துறைமுக வாசலில் கேட்டபோது, இயந்திர ஆணிக்குப் போடும் வாசர் என்று சொன்னாராம். இரண்டு நாளில் காய்ச்சிக் கொண்டுவந்தார். நான் அவற்றின்மேல் கம்பி சுற்றி, பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த மீட்டரில் அளந்தேன். மூன்று வகையும் ஒரே அளவுக்கு மோசம். செம்பு இருந்ததும் சரி, இல்லாததும் சரி, பழைய தகரத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தான் லாயக்கு.

"ஒரு மணித்தியாலம் வைச்சனீங்களோ?" என்று அண்ணாவைக் கேட்டேன்.

"வைச்சனான்."

"எத்தினை பாகை?"

"ஸ்பிரிங் காய்ச்சேக்க அதோடதான் வைச்சது. பேந்து என்ன, இதுக்கெண்டு தனியா அடுப்பு மூட்டுறதோ?"

ஸ்பிரிங் காய்ச்சும் சூடு எனக்கு வேண்டியதைவிட முந்நூறு பாகை அதிகம். அந்தச் சூட்டில் இரும்பு போரனோடு சேர்ந்து முரட்டுப் பளிங்காகிவிடும். பிறகு செம்பும் நையோபியமும் நின்று பிரயோசனமில்லை. அண்ணா உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் அவர் ஒரு மணித்தியாலம் வைத்திருப்பாரா என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. என்னைப் பெற்றவர்களே ஏதாவது அளவு சொல்லியிருந்தாலும் நான் திரும்ப அளந்துதான் பார்த்திருப்பேன்.

இரண்டாவது தொகுதிக்கு வெள்ளிக்கிழமையை வைத்தோம். வேலைத்தளத்தில் பாதிப்பேர் மதியம் ஜும்மாத் தொழுகைக்குப் போவார்கள். அந்த நேரம் உலை சும்மா இருக்கும், சூட்டைக் குறைத்து வைக்கலாம். ஆனால் அதற்குள் வாசலில் கெடுபிடி கூடிவிட்டது. எங்கோ ஏதோ நடந்திருந்தது. சட்டைப் பை, சப்பாத்து, சைக்கிள் சீற்றுக்குக் கீழே எல்லாம் தடவினார்கள். பொருள்களை எழுதிக்கொடுத்து அனுமதி எடுத்துக் கொண்டுபோகலாம் என்றார் அண்ணா. அனுமதி வர ஒரு மாதமாகும், என் விடுமுறை பத்து நாளில் முடிந்துவிடும். சோற்றுப் பார்சலுக்குள் வைக்கலாம் என்று சொன்னது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை குசினியில் வாழையிலையை வாட்டி விரித்து, வளையங்களை இன்னொரு இலைத் துண்டில் பொதிந்து அடியில் வைத்து, அதன்மேல் சோற்றைப் போட்டு, சூரைமீன் குழம்பை ஊற்றினேன். அவளும் பக்கத்தில் நின்று தன்னுடைய பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிடிபட்டா அண்ணாவுக்கெல்லோ பிரச்சினை," என்றாள் மெதுவாக. "துறைமுகத்துக்குள்ள போற பாசைப் பறிச்சுப்போடுவாங்கள். ஆளையும் கொண்டுபோடுவாங்கள்."

"நீங்கள் உங்கட பார்சலைக் கட்டுங்கோ," என்றேன்.

அவள் கட்டி முடித்தாள். அன்று அவளுக்கு முத்திரை குத்தும் நாள். வழமையைவிட அரை மணித்தியாலம் முந்திப் பொலிசுக்குப் புறப்பட்டாள். அதற்குப் பிறகு அண்ணா சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் மூன்று மணிபோல அண்ணாவோடு வேலை செய்யும் ஒருவர் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்தார். துறைமுக வாசலில் காவலர்கள் நேரே அண்ணாவிடம் வந்து, நேரே பார்சலைத்தான் கேட்டார்களாம். முன்னால் போனவர்களையும் பின்னால் வந்தவர்களையும் கேட்கவில்லையாம். வளையங்களை எடுத்துக்கொண்டு ஆளையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே விடவில்லை. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். அந்த நாட்களில் இப்படி உள்ளே போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. அது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் அதைப் பெலமாகச் சொல்வதில்லை.

"நேரே பார்சலைக் கேட்டவங்களெண்டால் ஆரோ சொல்லியிருக்கினம்," என்றேன் அண்ணியிடம். "இவள்தான்."

"சும்மா கதையாதையும். அது பாவம்."

"கண்டவள். பிடிபடுவாரெண்டு வாயால சொன்னவள். விடியவே பொலிசுக்குப் போனவள். இன்னும் என்ன வேணும்?"

மூன்று சான்றுகள். இதைவிடக் குறைந்த சான்றுகளை வைத்து நான் ஆய்வுக் குறிப்பில் முடிவு எழுதியிருக்கிறேன். அன்று மாலை அவள் வேலையால் வந்து, செய்தி கேட்டு அழுதாள். அண்ணிக்கும் எனக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். அழுகையும் நடிப்பு என்று முடிவுகட்டியிருந்த நான் என்னுடைய தேத்தண்ணியை முற்றத்து வாழையடியில் ஊற்றினேன். அவள் அதைக் கண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை பேராசிரியரின் அத்தாட்சிக் கடிதம், மிச்ச நாடா, மீட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்ற பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நடுத்தர வயதில் ஓர் அதிகாரி இருந்தார். என் வளையங்கள் ஒரு பீங்கான் தட்டில் கிடந்தன. யாரோ குழம்பைக் கழுவியிருந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசினார், இருக்கச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இது என்ன, வெடிக்கும் எதற்காவது உதவுமா என்று கேட்டார். இரும்பு என்றேன். இரும்பென்றால் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, இதற்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்றார். செம்பையும் நையோபியத்தையும் பற்றிச் சொன்னேன்.

"நூற்றில் ஒன்று என்ன செய்துவிடும்?" என்றார்.

நான் பேராசிரியரிடம் கேட்ட அதே கேள்வி. அண்ணா எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரியாது. நான் சரியாகச் சொன்னால் வெளியே வருவார், சொதப்பினால் வரமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. உங்கள் வீட்டில் சீனிப்பாகு காய்ச்சுவார்கள்தானே என்று தொடங்கினேன். பாகைச் சும்மா விட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்கண்டு மாதிரிப் பெரிய கட்டிகள் விழும். ஒரு கிள்ளுச் சீனியைத் தூவிக் கிளறினால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சின்னச் சின்ன மணியாகப் பூக்கும். செம்புக்கும் இரும்புக்கும் ஒத்துவராது. சூடு ஏறும்போது செம்பு விலகிப்போய்ச் சின்னக் குவியல்களாகக் கூடிவிடும். ஒவ்வொரு குவியலின் பக்கத்திலும் ஓர் இரும்புப் பளிங்கு முளைக்கும். அப்படிக் கோடிக்கணக்கில் முளைத்தால் ஒன்றுக்கும் பெரிதாக வளர இடமில்லை. நையோபியம், பாகு கட்டிபடாமல் இருக்க விடும் தேசிக்காய்ப் புளி மாதிரி. பளிங்குக்குள் அதற்கு இடம் கிடையாது, வெளியே தள்ளப்பட்டு விளிம்பில் நின்று வளர்ச்சியை மறிக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மணி பருத்துவிடும், காந்தம் முரடாகிவிடும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இன்னொன்றும் சொன்னேன். வீடுகளில் மின்சாரம் ஒழுகினால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சுக்குள் இதே மாதிரி வளையம் இருக்கும், உங்களிடம் பழுதானது ஒன்று இருந்தால் உடைத்துப் பாருங்கள் என்றேன். ஒருவரை அனுப்பி எடுப்பித்தார். திருப்புளியால் நெம்பி, உள்ளேயிருந்த பிளாஸ்டிக் கூட்டை உடைத்தார்கள். அதே வெள்ளி நாடா, அதே சுற்று. எனக்கு உயிர் திரும்பி வந்தது. எல்லா ட்ரிப் சுவிட்சுகளிலும் அந்த வகை நாடா இருக்காது என்பது எனக்குத் தெரியும். சாதாரணக் கலப்புலோக வளையமாக இருந்திருந்தால் என் கதை என்னவாகியிருக்குமோ தெரியாது.

"சரி," என்றார். "அப்படியானால் ஏன் ஒளித்தீர்கள்?"

நீங்கள் சந்தேகப்படுவீர்கள் என்பதால் என்று சொல்ல முடியவில்லை. அண்ணாவின் குற்றத்தை எப்படியாவது வேறெங்காவது தள்ளிவிட வேண்டும் என்று பதறினேன். எங்களுக்கு ஆகாத ஒருவர் இதைப் பெரிதாக்கிச் சொல்லியிருக்கிறார் என்றேன். வீட்டில் ஒரு பெண் தங்கியிருக்கிறாள், குடாவுக்கு அந்தப் பக்கம், அவள் யாரோடு பழகுகிறாள் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது, அவள் சொன்னதை வைத்து என் அண்ணாவைத் தண்டிக்காதீர்கள் என்றேன். அந்தக் கடைசிப் பகுதி முழுப் பொய். அவள் அலுவலகத்தையும் எங்கள் வீட்டையும் தவிர வேறெங்கும் போனதில்லை.

அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து பேனையை எடுத்தார். பெயர் கேட்டார், சொன்னேன். வேலை செய்யும் இடம் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார். கட்டைபறிச்சான் என்பதை அவருக்கு எழுத வரவில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

எழுதி மை காயும்வரை பார்த்திருந்துவிட்டு, மேசை லாச்சியை இழுத்து ஒரு கடித உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை பேராசிரியருக்கு நான் எழுதிப் போட்ட கடிதம். வாராவாரம் அவருக்கு எழுதுவது என் வழக்கம். செய்த வேலை, செய்யப்போகும் வேலை, நாள், முறை எல்லாம் ஒழுங்காக எழுதவேண்டும் என்பது அவர் போட்ட விதி. உறை பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அண்ணா வளையங்களைச் சோற்றுப் பார்சலுக்குள் வைத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுபோவார் என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள் தபால்பெட்டியைச் சந்தேகப்படவில்லை.

"எங்களுக்கு வேறு யாரும் சொல்லவில்லை," என்றார்.

நான் அந்தப் பெண்ணின் பெயரை வெட்டிவிடச் சொன்னேன். தயவுசெய்து என்று இரண்டுதரம் சொன்னேன். பதிவேட்டில் எழுதியதை வெட்டக்கூடாது என்றார். பிறகு, குற்றமில்லாதவருக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னார். அதை அவரே நம்பினாரோ தெரியாது.

அண்ணாவை அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அது என்னவென்று அவர் சொல்லவில்லை. பாஸ் இரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கிடைத்தது. ஆர் சொன்னதாம் என்று அண்ணி கேட்டார். தெரியாது என்றேன். அண்ணி கட்டைபறிச்சான்காரியின் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். நான் போட்ட விதை அவரிடம் முளைத்திருந்தது. அதைப் பிடுங்க ஒரு வசனம் போதும், நான் அதைச் சொல்லவில்லை.

நாடாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களில் பல்கலைக்கழகத்து உலை திருத்தப்பட்டது. மிச்ச நாடாவைச் சரியான சூட்டில் வைத்தேன். சீட்டில் எழுதியிருந்தது அப்படியே உண்மை. செம்பும் நையோபியமும் உள்ள வளையத்தில் மீட்டரின் எண் ஏறிய ஏற்றத்தை நான் மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தேன். மற்ற இரண்டும் கிட்டவும் வரவில்லை. அனுப்பியவர்கள், அண்ணா, கட்டுரை எழுதியவர்கள் யாருமே பொய் சொல்லவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது.

ஆனால் அதற்கு முன்பே, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு மாதம் கழித்து நான் மறுபடி வார இறுதிக்கு வீட்டுக்கு வந்த நாளில், அவள் பொலிசுக்குப் போய் மதியத்துக்கிடையில் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"இந்த மாசம் குத்தேல்ல அக்கா. ஒரு கிழமைக்குள்ள ஊருக்குப் போகட்டாம். ஏனெண்டு கேட்டனான். என்ர பேர் எங்கயோ பதிஞ்சிருக்காம்."

அண்ணி குசினிக்குள் போய்விட்டார். அவள் பிளாஸ்டிக் உறையை என் மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். ஒரு கடிதம் எழுதித் தாறீங்களோ? வேலையை விட்டால் வீட்டில அஞ்சு சீவன் அக்கா. அப்பாவுக்குக் கடலுக்குப் போக ஏலாது."

எழுதினேன். இவரை எனக்கு நன்றாகத் தெரியும், நேர்மையானவர், இவருடைய நடத்தைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தைவிட நல்ல கடிதம் அது. அந்தப் பதிவுக்குக் காரணம் நான் என்று மட்டும் அதில் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒருவேளை கடிதம் வேலை செய்திருக்கும். அண்ணாவை மறுபடி கூப்பிடுவார்கள் என்று பயந்தேன் என்பது என் சமாதானம். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்று இப்போது சொல்கிறேன். அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக இதுவரை ஒருவரும் எழுதியதில்லை என்றாள்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கிழமை முடிய நான் திரும்ப வந்தேன், அவளை லோஞ்சில் ஏற்ற நான்தான் கூடப் போனேன். ஒரு சூட்கேஸ், ஒரு பாய், அண்ணி கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல். ஆட்களை வரிசையில் விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முறை வருமுன் என் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் செய்யேல்ல அக்கா. ஆர் என்ர பேரைக் குடுத்திருப்பினம்? உங்களுக்கு ஆரிலயும் சந்தேகம் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "எனக்கு ஆரிலயும் சந்தேகம் இல்ல."